இரண்டு புள்ளி

நவம்பர். மூன்றரை மணிக்கே தாலின் இருட்டிவிட்டது.
துறைமுகத்தைப் பார்த்த நான்காம் மாடியில்
நாலு பேர், ஒரு திரை,
ஆறிப்போன காப்பி.

தீவுப் படகுகளுக்குச் சீட்டு விற்கும் மென்பொருள் எங்களுடையது.
செய்யவேண்டியதை எழுதிவைக்க இன்னொரு மென்பொருள்.
அதில் நேற்றுவரை இரண்டு பட்டியல்:
பெரியவற்றுக்கு ஒன்று, சில்லறைக்கு ஒன்று.
அங்கேயும் ஒரு முதலிடம், இங்கேயும் ஒரு முதலிடம்.
எது முதலில் என்று யாராவது கேட்டால்
இரண்டும் என்று சொல்லிவிட்டுச்
சாப்பிடப் போகலாம்.
வசதியாகத்தான் இருந்தது.

ரேலிகா இன்று நடுச்சுவரை எடுத்துவிட்டாள்.
ஒரு சொடுக்கு.
இருநூற்றுப் பன்னிரண்டு வேலைகள் ஒரே வரிசையில்.
டிராம் நிறுத்தத்தில் யானைக்குப் பின்னால் எறும்பு,
எறும்புக்குப் பின்னால் இன்னொரு யானை.

ஒவ்வொன்றின் ஓரத்திலும் புள்ளிகள்,
எவ்வளவு பாடு என்பதற்கு நாங்களே போட்ட கணக்கு.
'கட்டண எந்திரத்தை முழுதாக மாற்றி எழுதுதல்':
எண்பத்தொன்பது.
ஆர்னேயின் செல்லம். ஒன்பது மாதம் என்கிறான்,
நாங்கள் பன்னிரண்டு என்று கேட்டுக்கொள்கிறோம்.
பெரும்புள்ளி. வரிசையில் நிற்கவே அதற்குக் கூச்சம்.
எட்டு இடம் கீழே
'மேண்ட் என்ற பெயர் சீட்டில் மாண்ட் என்று அச்சாகிறது':
ஒன்று.

எழுத்தின் தலையில் இருந்த இரண்டு புள்ளி
விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.
பைன் மரம் என்று பெயர்கொண்ட மனிதர்
வெறும் ஒலியாகிப் படகேறுகிறார்.
இரண்டு வருடமாக.

எந்திரம்தான் முதலில் என்றான் ஆர்னே.
மேலே இழுத்தோம்.
மற்ற இருநூற்றுப் பதினொன்றும்
அதன் நிழலில், அடுத்த இலையுதிர்காலம்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன.

சின்னதையெல்லாம் முடித்துவிட்டு வருவோமே என்றாள் பீபே.
இழுத்தோம். முடித்துவிட்டு என்று ஒன்று இல்லை.
பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்று வந்து ஒட்டின:
பொத்தான் பச்சையாக இருந்தால் நல்லது,
நாய்க்குச் சீட்டு உண்டா,
ஓர் எழுத்துப்பிழை, மன்னிக்கவும்.
எந்திரம் தொண்ணூறாவது இடத்தில் நின்று
இது எந்த நூற்றாண்டு என்று பார்த்தது.

'எடையைப் பார்க்காதீர்கள்,
பின்னால் யார் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்'
என்றாள் ரேலிகா.
அழகான வாக்கியம்.
யாரும் எதையும் நகர்த்தவில்லை.

ஆர்னே சும்மா இருக்கமாட்டாமல்
அந்த 'ஒன்றை'த் திறந்து பார்த்தான்.
வெகுநேரம் பேச்சில்லை.
எந்திரம் வேறு நாட்டில் வாங்கியது;
கட்டியவர்கள் மொழியில் எழுத்துக்குப் புள்ளி கிடையாது.
பெயர்கள் தூங்கும் அறையை அவர்கள்
அடித்தளத்துக்கும் கீழே வைத்திருந்தார்கள்.
'இது ஒன்று இல்லை,' என்றான்.
அழித்துவிட்டுப் பதின்மூன்று என்று எழுதினான்.
பிறகு, யாரும் கேட்காமலே,
தன் எண்பத்தொன்பதிலிருந்து அந்தப் பதின்மூன்றை
உடைத்துத் தனியே வைத்தான்,
பிள்ளையை முதல்நாள் பள்ளிவாசலில் விடுகிறவன் மாதிரி
இருமுறை திரும்பிப் பார்த்து.
பெயர்களின் அறை மேலே போயிற்று.
மிச்ச எழுபத்தாறு பதினேழாம் இடத்தில்,
ஒரு நாய்ச்சீட்டுக்குக் கீழே.

ஏப்ரல் என்று போட்டோம்.

ரோஹுக்யுலா சீட்டறைக்கு நான் அழைத்துச் சொன்னேன்.
எடுத்தவள் லெம்பே.
'ஏப்ரலா? இருக்கட்டும்,
அதுவரை நானே வைத்துவிடுகிறேன்.'
எதை?
'புள்ளியை. பேனாவால்.
மேண்டுக்கு, ஆற்றின் பெயர் கொண்டவருக்கு, எல்லாருக்கும்.
கோடையில் கார்கள் சாலைவரை நிற்கும், அப்போதும்தான்.
பெயரில்லாமல் எப்படி அனுப்புவது?'

அவள் வைத்த புள்ளிகளுக்கு
நாங்கள் ஒரு புள்ளியும் போட்டிருக்கவில்லை.

'பேனாதான் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது,' என்றாள்,
'நீலம், மெல்லிய முனை.'

இருநூற்றுப் பதினேழாவது வேலை:
லெம்பேக்குப் பேனா, ஒரு பெட்டி.
முதலிடத்துக்கு இழுத்தேன்.
ஆர்னே கோட்டை மாட்டிக்கொண்டு
கடை மூடுவதற்குள் என்று
படிகளில் இறங்கிக்கொண்டிருந்தான்.