உமி

புதுவயல் ரைஸ் மில்லில்
நான் கணக்கு, அடைக்கலம் எடை.
மேல் தட்டிலிருந்து ரசீதுக் கட்டை எடுக்க
ஒருநாள் அவர் கை உயர்ந்ததும்
என் முழங்கை தானாக வந்து
முகத்தை மறைத்தது.

பதினோரு வருடப் பழக்கம்.

ஏன் என்று கேட்கவில்லை.
மறுநாளிலிருந்து அறிவிப்பு:
"சிகப்பி, கையைத் தூக்கப் போறேன். பேனா அங்க இருக்கு."
"தூக்குறேன், சிகப்பி. ஃபேன் சுவிட்ச்."
லோடுமேன்கள் சிரித்தார்கள்.
சோம்பல் முறிக்கக்கூடச் சொல்லிவிட்டுத்தான் முறித்தார்.

தேவகோட்டை கோர்ட்டில் தீர்ப்பு வந்த வாரம்,
கரண்ட் போய்
மில் வாயடைத்துக் கிடந்த மத்தியானம்,
"அடைக்கலம்," என்றேன்,
"நான் கையைத் தூக்கப் போறேன்.
உங்க தலையில உமி."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.
நிறைய இருந்தது.
நான் அவசரப்படவில்லை.