இரண்டு இடக்கைகள்

இபாடானில் மின்சாரம் போன இரவில்
வெட்டினேன். அதுதான் பிழை.
விடிந்து பார்த்தால் மேசைமேல்
இரண்டும் இடக்கைகள்.

குடும்பத்துக்கெல்லாம் ஒரே துணி,
ஆளுக்கு ஐந்து கெஜம்,
மணி கோத்த பச்சை லேஸ்.
கடையில் தீர்ந்துவிட்டது.
தையற்காரர் கேட்ட கூலிக்கு மலைத்து
"நானே தைத்துக்கொள்கிறேன்" என்று
பெரியம்மா போலாஜியிடம் சொன்ன வாயை
முதலில் தைத்திருக்க வேண்டும்.

புரட்டிப் போட்டால்
மணியெல்லாம் உள்ளே போய்த் தோலைப் பிராண்டும்.
அப்படியே வைத்து,
சுருக்கி, இழுத்து, ஏமாற்றித் தைத்தேன்.
தொங்கவிட்டு நின்றால் தெரியாது.
தோளுக்குமேல் தூக்கத்தான் கூடாது.

தேவாலயத்தில் தாங்கியது.
புகைப்படத்தில் தாங்கியது.
ஜொலோஃப் சோற்றுக்குத் தட்டு நீட்டியபோதும்.

பிறகு
பேசும் மேளக்காரன் என் பெயரை அடித்தான்:
அபேகே, அபேகே, மாப்பிள்ளையின் அக்கா எங்கே?

நோட்டை மணமகள் நெற்றியில் ஒட்ட வேண்டும்.
இடக்கையால் கொடுத்தால் அது காசில்லை,
வசவு.

உயர்த்தினேன் வலக்கையை.
முதல் நோட்டுக்கு ஒரு நூல் விட்டது.
இரண்டாவதற்கு டர்ரென்று
அக்குள்வரை காற்று.

பெரியம்மா பார்த்துவிட்டார்.
மணமகள் மொரோலாயோ
சிரிப்பை அடக்கி, நெற்றியைக்
கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள்.

கையில் இன்னும் பதினெட்டு நோட்டு இருந்தது.
ஒட்டினேன்.