வந்த வரிசை

தண்டர் பே. காலை ஏழு ஐம்பது.
ஏரி இறுகி மூன்று வாரம்.
ஒன்ராறியோவில் எவர் பிறந்தாலும் எவர் இறந்தாலும்
காகிதம் கடைசியில் இந்தக் கட்டடத்துக்குத்தான் வரும்.
எனக்கு இரண்டு தட்டு.
இடதில் பிறப்பு, வலதில் இறப்பு,
நடுவில் நானும் ஆறிப்போன தேத்தண்ணியும்.

சேர்ந்த புதிதில்
ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன்.
இப்போது விரல்களே சொல்லிக்கொள்கின்றன.

எதிர் மேசை ஐலா கோஸ்கினெனுக்கு
இது முப்பத்தோராம் வருஷம்.
இளஞ்சிவப்புப் பாகு பூசிய பெர்ஷியன் பன்னைப்
பாதி பிய்த்து என் பக்கம் தள்ளியபடி கேட்பாள்:
"நம் ஊர் வலப்பக்கம் சாய்ந்துவிட்டது, கவனித்தாயா?"
கவனித்தேன்.
தொட்டில் விற்ற கடையில் இப்போது
கைத்தடியும் சக்கர நாற்காலியும்.
வடக்கே குட்டி விமானம் மட்டும் இறங்கும் ஊர்களிலிருந்து
பிரசவத்துக்கு வரும் பெண்கள்தான்
இடது தட்டைக் கொஞ்சம் கனக்க வைக்கிறார்கள்.

மதிய இடைவேளையில் உலகக் கணக்கைப் பார்ப்பேன்,
வேறு வேலை இல்லாதவள் போல.
நைஜரில் ஆயிரம் பேருக்கு நாற்பதுக்கு மேல் பிறப்பு.
ஜப்பானில் ஆறு; இறப்போ அதைப்போல் இரு மடங்கு.
பூமி நிறைந்த கதையை ஐலாவுக்கு இப்படிச் சொன்னேன்:
முதலில் சாவு தளர்ந்தது.
ஊசி வந்தது, சவர்க்காரம் வந்தது, கொதித்தாறிய தண்ணீர் வந்தது.
பிறப்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேர
இரண்டு மூன்று தலைமுறை பிடித்தது.
அந்தத் தாமதத்துக்குள்தான்
இத்தனை கோடிப் பேர் இருக்கிறோம்.

வேண்டுமானால் என் வீட்டையே எடுங்கள்.
அப்பாவோடு பிறந்தவர்கள் பதினொருவர்;
ஐந்து வயது தாண்டியவர்கள் நால்வர்.
அம்மா பெற்றது ஐந்து;
காய்ச்சலுக்கு ஒருவரையும் கொடுக்கவில்லை.
(மற்றதைப் பற்றி இப்போது வேண்டாம்.)
எனக்கு ஒருத்தி, ஆரபி.
"எனக்கு இவன் போதும் அம்மா" என்கிறாள்
வினிப்பெக்கிலிருந்து, வீடியோவில்,
பூனையைத் தூக்கிக் காட்டி.
பதினொன்று, ஐந்து, ஒன்று, பூனை.

நான் எந்தத் தட்டிலும் இல்லை.
இங்கே பிறக்கவில்லை, இன்னும் இறக்கவில்லை.
பிறப்பில் இறப்பைக் கழித்த பிறகு
ஓரத்தில் ஒரு கூட்டல் குறி போட்டு எழுதுவார்களே,
"வந்தவர்கள்" என்று,
அது நான்.
இந்த நாடு இப்போது பெரும்பாலும்
அந்த ஓரத்தில்தான் வளர்கிறது.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை
வலது தட்டில் ஒரு காகிதம். வயது என்ற பெட்டியில்
ஆண்டு இல்லை, மாதம் இல்லை, நாள் இல்லை.
நிமிடம்: நாற்பது.
கணினி ஏற்கவில்லை.
'பிறப்புப் பதிவு காணப்படவில்லை.'
அடக்கத்துக்கு அனுமதி வேண்டும், ஆகவே
சாவின் காகிதம் ஓடி வந்துவிடும்.
பிறப்பின் காகிதத்துக்குத்
தாயும் தகப்பனும் உட்கார்ந்து ஒரு பெயர் எழுத வேண்டும்.
இருபத்திமூன்று நாள் ஆனது.

பெயரை இங்கே சொல்ல முடியாது,
ரகசியம் காப்பேன் என்று கையெழுத்திட்டிருக்கிறேன்.
பெட்டிக்குள் அடங்காமல்
கோட்டுக்கு வெளியே நீண்டிருந்தது
என்று மட்டும் சொல்லலாம்.

ஆண்டறிக்கையில் கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று.
வளர்ச்சி வீதம் இமைகூட அசைக்காது.
ஐலா எழுந்து வந்து என் பின்னால் நின்றாள்.
கையில் பன் இருந்தது. கடிக்கவில்லை.

பிறப்பை முதலில் பதிந்தேன்.
எடையையும் நேரத்தையும் பதிந்தேன்.
இரண்டாவது காகிதத்தைத் தொடாமல்
தேத்தண்ணி போட எழுந்து போனேன்.
தண்ணீர் கொதிக்க நாலு நிமிடம்.
வடித்து, பால் ஊற்றி, ஆற்றி,
ஜன்னலோரம் நின்றே குடித்தேன்.
அவ்வளவு நேரமும்
ஒன்ராறியோவின் மக்கள்தொகையில்
ஒருவர் கூடுதல்.