இண்டென்ட்

பத்து பாக்கெட் ஸ்லைடு கேட்டால் நாலு.
ஆறு புட்டி ஆயில் கேட்டால் ஒன்று.
மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி ஸ்டோரில்
இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து
எப்சிபா மேடத்தின் இண்டென்டை வெட்டியவன் நான்.

அவர் சண்டைக்கு வந்ததில்லை.
வெட்டிய எண்ணுக்குப் பக்கத்தில்
பென்சிலால் சின்னதாய் ஒரு கோடு போட்டு
அடுத்த மாதமும் அதே பத்தைக் கேட்பார்.
பழைய ஸ்லைடுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்வார் பிள்ளைகளை:
"ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் கணக்குல ஏறக் கூடாது."

புதன்கிழமை கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வந்தோம்.
போதகர் சேவை என்றார், அர்ப்பணிப்பு என்றார்.
எல்லாம் சரியான வார்த்தைகள்தான்.
சிவப்பு மையைப் பற்றி யாரும் பேசவில்லை.

முப்பத்தோரு வருட ரிஜிஸ்டர்களில்
ஏழே இடத்தில் சிவப்பு மை.
"பிழை என்னுடையது."
கீழே கையெழுத்து, தேதி, மணி.
டிப்ளமோ படிக்க வரும் பிள்ளைகள்
முதல் நாள் மைக்ரோஸ்கோப்பைத் தொட முடியாது.
அந்த ஏழு பக்கத்தையும் உரக்கப் படிக்க வேண்டும்.
ஒருமுறை ஒரு பையன் சிரித்துவிட்டான்.
திட்டவில்லை.
இன்னொரு தடவை படி என்றார், அவ்வளவுதான்.

மூன்றாவது பிழை எனக்குத் தெரியும்.
ஏழு புள்ளி இரண்டு என்ற ரத்த அளவைப்
பதினொன்று புள்ளி இரண்டு என்று எழுதிக் கொடுத்த மதியம்.
அஞ்சலாட்சி, எட்டு மாதம், குள்ளஞ்சாவடி.
சாயங்காலம் கணக்கு ஒத்துப் பார்க்கையில் கண்டுபிடித்தார்.
பஸ் போய்விட்டது.
ஸ்டோரைப் பூட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து
"கலிவரதன் சார், வண்டியில பெட்ரோல் இருக்கா?" என்றார்.
எழுதித் தராமல் அவர் கேட்ட ஒரே பொருள்.

முந்திரிக்காட்டு இருட்டு.
டிவிஎஸ் ஃபிப்டியின் பின்சீட்டில்
ரிஜிஸ்டரை மடியில் அணைத்துக்கொண்டு வந்தார்.
வேறு மூன்று அஞ்சலாட்சிகளைத் தட்டி எழுப்பினோம்.
நாலாமவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.
"மன்னிச்சுக்கம்மா" என்றார் முதலில்.
எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை,
எங்களுக்குப் பலகை எடுத்துப் போட்டாள்.
விடிந்ததும் வந்து வார்டில் சேர்ந்தாள்.
குழந்தை என்ன ஆனது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.
மேடம் கேட்டிருப்பார்.

தானே புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாத நாட்கள்.
இருந்த டீசல் ஆபரேஷன் தியேட்டருக்கே போதவில்லை.
உதவாது என்று எழுதி நான் மூலையில் போட்டிருந்த,
கீழே கண்ணாடி வைத்த ஒற்றைக்கண் மைக்ரோஸ்கோப்பை
முறைப்படி எழுதிக் கேட்டு வாங்கிப் போனார்.
மாடிப்படியில் வெயில் நகர நகர
ஸ்டூலையும் நகர்த்தி உட்கார்ந்து
வயிறு போனவர்களின் சொட்டுகளைப் பார்த்தார்.
எரிநட்சத்திரம் மாதிரி எதுவும் ஓடினால் காலராவாம்.
"ஓடலை சார்! வந்து பாருங்க, ஒண்ணுமே ஓடலை!"
பரீட்சையில் பாஸான சிறுமி போலக் கூப்பிட்டார்.
தார்ப்பாய் கணக்கு முடியட்டும், அப்புறம் வரேன் என்றேன்.

அந்த அப்புறம்
நேற்றுதான் வந்தது.

லேபில் இப்போது மெஹருன்னிசா.
மேடத்தின் எழுத்து ஒட்டிய மரப்பெட்டியிலிருந்து
ஒரு ஸ்லைடை எடுத்து வைத்து உட்காரச் சொன்னாள்.
எத்தனை ஆயிரம் ஸ்லைடு எண்ணிக் கொடுத்திருப்பேன்,
ஒருநாளும் உள்ளே பார்த்ததில்லை.
கண்ணை ஒட்ட வைத்தேன்.
கறுப்புக் கறுப்பாய்க் கம்பி கம்பியாய் ஏதோ.
"என்னம்மா இது, புழுவா?"
"உங்க இமை சார்.
எல்லாருக்கும் முதல்ல அதுதான் தெரியும்.
கொஞ்சம் பின்னால வாங்கன்னு மேடம் சொல்லுவாங்க."

கொஞ்சம் பின்னால் வந்தேன்.