முத்திரைத் தேதி

ஹாப்சாலு மருத்துவமனை, இரண்டாம் மாடி.
சன்னலுக்கு வெளியே உறைந்துபோன வளைகுடா.
உள்ளே இரண்டு இரும்புத் தட்டுகள்,
காலுக்கு ஒன்றாக.
எதிரே திரையில் ஒரு வட்டம்,
அதற்குள் வரமாட்டேன் என்று
அடம்பிடிக்கும் ஒரு பச்சைப் புள்ளி.
அந்தப் புள்ளி நான்தானாம்.

"நேராக நில்லுங்கள், ஹெல்வே" என்கிறான் ரைகோ.
நேராகத்தான் நிற்கிறேன்.
"வலது காலில் எழுபத்தொரு சதவீதம்.
இடது சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது."

முப்பத்தோரு வருடம்
எடையளவு ஆய்வாளராக இருந்தவள் நான்.
மீன்கடை, மாவுமில், தபால் நிலையம்,
நகைக்கடையின் பொடித் தராசு.
தட்டுக்கு அடியில் ஒட்டிய மெழுகை
விரல் நுனியிலேயே பிடித்துவிடுவேன்.
என்னிடமா?
"இதற்குக் கடைசியாக எப்போது முத்திரை போட்டார்கள்?"
வாய் இன்னும் ஒரு பக்கம்தான் திறக்கிறது;
கேள்வி கோணலாகப் போய் விழுந்தது.

அவன் சிரிக்கவில்லை.
பயிற்சி அறையிலிருந்து
இருபது கிலோ இரும்பைத் தூக்கி வந்தான்.
இடது தட்டில் வைத்தான்: இருபது.
வலது தட்டில் வைத்தான்: இருபது.
"இன்னொரு முறை."
இன்னொரு முறையும் இருபது.

கல் சரி. தட்டும் சரி.
கள்ளத் தராசு நான்.

பார்னு சந்தையில் ஆர்வோ என்றொரு மீன்காரன்,
கிலோவுக்கு நாற்பது கிராம் குறைத்தான்.
அபராதச் சீட்டு எழுதும்போது
செதில் ஒட்டிய கையை நெஞ்சில் வைத்துச்
சத்தியம் செய்தான்.
நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
இப்போது என் இடது கால்
அதே சத்தியத்தைச் செய்கிறது:
பாதிப் பாரம் என்மேல்தான், அம்மா.
நம்பித்தான் சொல்கிறது.
அவனும் நம்பித்தான் சொன்னானோ.

திரும்ப ஏறினேன்.
இடுப்பை ஈர மூட்டைபோல இடப்பக்கம் நகர்த்து,
கொஞ்சம், இன்னும் கொஞ்சம்,
இதோ விழப்போகிறேன் என்று
உடம்பு அலறுகிற இடத்தில்
புள்ளி வட்டத்துக்குள் போய்
உட்கார்ந்துகொள்கிறது.
டிங் என்கிறது பெட்டி.

ஆறாவது வாரம் ரைகோ திரையை
என் பக்கமிருந்து திருப்பிக்கொண்டான்.
எதிரே வெறும் சுவர், ஓர் ஆணி.
"இடதில் எவ்வளவு? நீங்களே சொல்லுங்கள்."
மெழுகு தேடிய விரலைப்போலப்
பாதத்தால் தடவினேன்.
"நாற்பத்து நான்கு."
"நாற்பத்தொன்று" என்றான்.

மூன்று பிழை.
என் காலத்தில் இப்படியொரு தராசைக்
கடையில் விட்டுவைத்திருக்க மாட்டேன்.
நாளை இதை வைத்துக்கொண்டுதான்
ரொட்டிக்கடை வரிசையில் நிற்க வேண்டும்.