கூட்டிப் பார்த்தால் நூற்றாறு

டிக்பி பள்ளியின் சின்ன நாற்காலியில்
முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தேன்.
சொல்லறிவு நூற்று முப்பத்துநான்கு.
வேகம் எழுபத்தெட்டு.
"கூட்டிப் பார்த்தால் நூற்றாறு.
தனி உதவிக்கு இடமில்லை"
என்றார் திருமதி திபதோ, தாளைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

ஸ்காலப் சிப்பி வாரும் படகு என்னுடையது.
எங்கள் துறையில்
ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே
நாலு ஆள் உயரம்.
சராசரியை நம்பிக் கயிறு கட்டினவன் படகு
விடியும்போது அந்தரத்தில் தொங்கும்.

இதையெல்லாம் அவரிடம் சொல்ல வரவில்லை.
"பரீட்சைக்கு அரைமணி கூடக் கொடுங்கள்.
பலகையைப் பார்த்து எழுதச் சொல்லாதீர்கள்."
பேனா மூடியைத் திறந்தார்.
வெகுநேரம் திறந்தே வைத்திருந்தார்.
பிறகு எழுதினார்.

வெளியே, பனி மிதித்த படியில்
ஒடெட் ஷூ நாடாவோடு மல்லுக்கு நின்றாள்,
திமிங்கிலத்தின் காதழுக்கைச் சீவினால்
அதன் வயதை எண்ணிவிடலாம் என்று
எனக்கு விளக்கிக்கொண்டே.
ஒரு சுருக்கு நின்றது. மற்றது நழுவியது.
மறுபடி.
வண்டிச் சாவி என் பைக்குள்ளேயே கிடந்தது.

"நான் எத்தனை, அப்பா?"

"ரெண்டு" என்றேன்.
யோசித்தாள்.
"சரிதான்" என்று
முதலிலிருந்து தொடங்கினாள்.