சுழி

காவேரிப்பட்டணம் தாண்டி, போச்சம்பள்ளி ரோட்டில்
எடைமேடை.
மாங்காய் லாரி ஏறினால் தரை லேசாக மூச்சிழுக்கும்.
திரையில் எண்கள் தத்தளிக்கும்.
அவை நிற்கும்வரை காத்திருப்பது என் உத்தியோகம்,
பதினெட்டு வருஷமாக.

கம்ப்யூட்டர் பழசு. திறந்ததும் சிவப்பாக ஒரு சுழி.
பிள்ளையார் சுழியா என்பார்கள் டிரைவர்கள்.
மாட்டுத் தரகர் கெம்பண்ணன் மட்டும்
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.
"சுழி பாத்துத்தான் வாங்கினியா தாயி?"
வாங்கவில்லை. சும்மா கொடுத்தார்கள்.
"யாரு?"
நிறையப் பேர். பார்த்ததில்லை.
"முதலாளி?"
இல்லை.
அந்த மாடு வேண்டாம் என்பதுபோல்
தலையாட்டிப் போனார்.

ஏற்றுவதற்கு மூன்று ராத்திரி ஆனது.
பிரிண்டர் பேசவில்லை. பிறகு பேசியது, திக்கித் திக்கி:
கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்.
ரசீதில் போச்சம்பள்ளி தினமும் பல் உடைந்து வந்தது.
மேடைக்காரர் முனிரத்தினம் சொன்னார்,
ஓசூரில் திருட்டு சீடி எழுபது ரூபாய்,
ஊரே அதைத்தானே போடுது.

ஊர் போட்டது.
பெங்களூரா மலிந்த ஒரு ஜூன் வாரம்
யாருடைய பென்டிரைவோ,
மூன்று மேடைகள் ஒரே மதியத்தில் ஊமை.
என் வாசலில் லாரிகள் தென்பெண்ணைப் பாலம் வரை.

ஜெயித்த கதையில்லை இது.
மறுவருஷம் புதுப் பதிப்பு ஏற்றி நானும் விழுந்தேன்.
இரண்டு நாள் கையெழுத்து ரசீது.
திட்டினேன். யாரைத் திட்ட?
விலாசம் இல்லாத வசவு என் மடியிலேயே விழுந்தது.
விழுந்ததை எடுத்து, எங்கே பிசகு என்று பார்க்க ஆரம்பித்தேன்.

வேலையைப் பாதியில் முடிக்க ஒரு பொத்தான் உண்டு.
யாரோ தமிழில் எழுதியிருந்தார்கள்: கைவிடு.
அகராதிப்படி சரி.
அவர் பெங்களூர் போனவர் திரும்பாத வருஷம் அது.
ஒரு நாளைக்கு முப்பது தடவை
அந்தச் சொல்லின்மேல் விரல் வைத்தேன்.

வேறு சொல் போடலாமே என்று எழுதி அனுப்பினேன்.
ஒருவர் மறுத்தார்.
இன்னொருவர், பனி பெய்யும் ஊரில் இருப்பவராம்,
காரணம் கேட்டார்.
காரணம் சொல்லவில்லை.
எங்கள் மேடையில் லாரியை யாரும் கைவிடுவதில்லை,
அவ்வளவுதான் எழுதினேன்.

ஒன்றரை வருஷம். மறந்தே போனேன்.
அடுத்த பதிப்பு ஏறி முடிந்த இரவு, பதினொன்று நாற்பது,
பொத்தானில்: நிறுத்து.
எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து
மறுபடி பார்த்தேன்.
இருந்தது.

நேற்று கெம்பண்ணன், மினி லாரியில் இரண்டு காளைகள்.
"இன்னும் அதே சுழிதானா?"
அதேதான்.
"சரி, நிறுத்துக் குடு."
காளைகள் கால் மாற்றி நின்றன.
எண் இன்னும் நிற்கவில்லை.